கையால் திருத்தாதே

முதல் வரியிலேயே எழுதியிருந்தது:
இது இயந்திரம் எழுதியது, கையால் திருத்தாதே.
யார் முதல் வரியை வாசிக்கிறார்கள்?
நானும் வாசிக்கவில்லை,
அதை அங்கே வைத்தவன் நான்தான் என்றாலும்.

ஓதம் என்று பெயர் அந்த நிரலுக்கு.
கொட்டியாரக் குடாவில் நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும்
என்று சொல்கிற சின்னத் திறமூல வேலை.
பெரிய ஏற்றம் ஒன்றுமில்லை,
முழங்கால் நனைகிற வித்தியாசம்தான்.
ஆனாலும் கங்கை வாயின் மணல்திட்டில்
படகின் விசிறி தட்டுமா தட்டாதா என்பது
அந்த முழங்காலில்தான் இருக்கிறது.

மூலம் பதினொரு வரி.
நிலவுக்குச் சில, சூரியனுக்குச் சில,
அவை கூடியும் முரண்டுபிடித்தும் செய்கிற சேட்டைக்குச் சில,
கடைசி வரி நேரத்துக்கு.
அதை அரைத்து எடுத்தால்
ஐந்து வருசம், மணிக்கு ஒன்று,
நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம் எண்கள்.

அரைத்ததையும் களஞ்சியத்தில் போட்டேன்.
மூதூரில் பலரிடம் கைத்தொலைபேசி மட்டும்தான்,
எடுத்த எடுப்பில் கிடைக்கட்டும் என்று.
நல்லெண்ணம்.
சீனன்குடாவில் கப்பலில் கோதுமை வந்து இறங்குகிறது,
லொறியில் மாவு போகிறது,
கோதுமைக் குதிருக்குள் மாவை யாரும் கொட்டுவதில்லை.
தினமும் அந்த ஆலையைக் கடந்து
வேலைக்குப் போகிறவன் நான்.

கிண்ணியாவிலிருந்து முஃப்லிஹா எழுதினாள்:
உங்கள் அட்டவணை அரை மணி பிந்துகிறது.
இறங்குதுறைத் தூணில் வெள்ளைப் பூச்சால் கோடு போட்டு
இருபத்தொரு நாள் பார்த்திருக்கிறாள்,
நோன்பு மாதம், சஹருக்கு எழும்பிய கையோடு.
ஐந்நூற்று நான்கு வரிகளைத் திருத்தி அனுப்பினாள்.
எல்லாம் சரி.
ஏற்றுக்கொண்டேன், நன்றியும் போட்டேன்.

வியாழன் இரவு வழமைபோல் கட்டுமானம் ஓடியது.
இயந்திரம் தன் பதினொரு வரியைப் பார்த்து
தன் எண்களை மறுபடி எழுதியது.
மோதல் இல்லை, எச்சரிக்கை இல்லை.
மணலில் எழுதியதைக் கடல் அழித்ததுபோல
என்று சொல்ல வந்தேன்.
இல்லை. கடல் இவ்வளவு சுத்தமாக அழிக்காது.

"என்ட திருத்தம் எங்க?"
மூன்றே சொல்.
பதில் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

தேடிப் போனால் பிழை அட்டவணையில் இல்லை.
மூலத்தின் எண்கள்
ஒரு பழைய அவதானிப்புக் கொப்பியிலிருந்து வந்தவை,
இரண்டாயிரத்து ஒன்று.
கொழும்பு கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி வைத்திருந்த காலம்.
இக்கரைக்கு ஒரு நேரம், சம்பூர்ப் பக்கம் இன்னொரு நேரம் என்று
குடாவின் குறுக்கே கோடு விழுந்திருந்த காலம்.
கடல் இரண்டையும் கேட்கவில்லை.
கடைசி வரியில் ஐந்தரை என்றிருந்தது.
ஆறு என்று இருக்க வேண்டும்.

அவளையே மாற்றச் சொன்னேன்.
ஒரு வரி கழித்தல், ஒரு வரி கூட்டல், பக்கத்தில் அவள் பெயர்.
பிறகு அட்டவணையைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து
புறக்கணிக்கும் பட்டியலில் சேர்த்தேன்.
மூதூர்க்காரருக்கு ஒவ்வொரு வெளியீட்டோடும் தனியே போகிறது.

எடுத்தாலும் போகவில்லை.
வரலாற்றில் அறுபது பிரதி கிடக்கிறது,
புதிதாய் இறக்குகிற எவரும்
என் நல்லெண்ணத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.
வரலாற்றை மீள எழுதலாம், அதற்கும் கட்டளை உண்டு.
விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.
அந்த ஐந்நூற்று நான்கு வரிகள்
இப்போது அங்கே மட்டும்தான் இருக்கின்றன.

நேற்று, மீனவர் சங்கச் சுவரில் ஒட்டியிருந்த
இம்மாத அட்டவணையை
பஸ் நிலையத்து மான் ஒன்று
பசையோடு தின்றுகொண்டிருந்தது.
செயலாளர் டெஸ்மன் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார்.
விடுங்கோ, என்றேன்.
கரண்ட் வரட்டும், இன்னொன்று எடுக்கலாம்.